எழுதி வைக்காத நிபந்தனை: 1951ல் தோற்காத ஓர் அணியின் கதை

1951ஆம் வருசம் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி ஒன்பது ஆட்டம் ஆடியது. ஒன்பதிலும் ஜெயித்தது. சமனில் முடிந்த ஆட்டம்கூட ஒன்று இல்லை. அந்த நாட்டு வழக்கப்படி ஒரு கல்லூரி அணிக்கு இப்படியொரு வருசம் அமைந்தால், புத்தாண்டையொட்டி நடக்கும் பெரிய ஆட்டத்துக்கு அழைப்பு வரும். இவர்களுக்கும் வருவதாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது. அணியில் இருக்கிற இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். அணி 'முடியாது' என்றது. அழைப்பு போயிற்று. சீசன் முடிந்த கையோடு அணியும் போயிற்று. கல்லூரி நிர்வாகம் கால்பந்தையே நிறுத்திவிட்டது.

இந்தக் கதையை எதற்கு இங்கே பேசவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் வாசிக்க ஆரம்பித்தது இன்று நேற்றல்ல. ஜோதிராவ் பூலே 1873ல் எழுதிய 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். நீக்ரோ மக்களின் பிரச்சினையை ஐ.நா. சபைக்குக் கொண்டுபோகும் முயற்சியைப் பற்றிக் கேட்டு அண்ணல் அம்பேத்கர் 1946ல் டபிள்யூ. ஈ. பி. டூபாய்சுக்குக் கடிதம் எழுதினார். பம்பாயில் 1972ல் தோன்றிய தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்த வாசிப்பில் நாம் தேடியது பெரும்பாலும் அடிபட்டவர்களின் குரலையும் எதிர்த்து நின்றவர்களின் குரலையும்தான். அது சரியான தேடல்தான். இந்தக் கட்டுரை கேட்க நினைப்பது இன்னொரு கேள்வி. அடிபட்டவனுக்குப் பக்கத்தில் நின்றவன், தனக்கு அடி விழாதவன், உள்ளே போக அனுமதி உள்ளவன், அவன் அன்றைக்கு என்ன செய்தான்? நம்ம ஊர் வரலாற்றில் இந்தக் கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைப்பதில்லை.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் 'கால்பந்து' என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடுகிற ஆட்டம் இல்லை. பந்து இரண்டு பக்கமும் கூம்பினாற்போல முட்டை வடிவத்தில் இருக்கும். கையில் தூக்கிக்கொண்டு ஓடலாம், எறியலாம். எதிரணி ஆளை இடித்துத் தள்ளிக் கீழே சாய்க்கும். பக்கத்துக்கு 11 பேர். எதிரியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அது 'டச்டவுன்'. கபடியில் ரைடு போகிறவனை நாலு பேர் சேர்ந்து அமுக்குவார்களே, அந்த மாதிரி உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம். அதனால்தான் ஒரே அணிக்குள் ஒருத்தனை ஒருத்தன் நம்பாவிட்டால் இந்த ஆட்டமே நடக்காது. முன்னால் நின்று எதிரியைத் தடுக்கிறவன் தன் வேலையைச் செய்தால்தான் பின்னால் பந்தோடு ஓடுகிறவன் எலும்பு உடையாமல் வீடு போவான்.

கல்லூரி அணிகளின் சீசன் செப்டம்பர் வாக்கில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடியும். அதற்குப் பிறகு நடப்பவைதான் 'பவுல்' போட்டிகள். மயாமியில் ஆரஞ்சு பவுல், நியூ ஆர்லியன்சில் சுகர் பவுல், ஜாக்சன்வில்லில் கேட்டர் பவுல். அந்தக் காலத்தில் இவற்றுக்குத் தகுதிச்சுற்று கிடையாது. உள்ளூர் வியாபாரிகளும் பிரமுகர்களும் சேர்ந்த ஒரு கமிட்டி உட்கார்ந்து, எந்த அணியைக் கூப்பிடலாம் என்று முடிவு செய்துவந்தது. அணிக்குப் பணம் வரும், பெயர் வரும், நாடு முழுக்கப் பத்திரிகையில் படம் வரும். இந்த மூன்று ஊர்களும் தெற்கு மாநிலங்களில் இருந்தவை. கறுப்பர்களுக்குத் தனிப்பள்ளி, தனி ஓட்டல், பஸ்ஸில் தனி இருக்கை என்று சட்டம் போட்டு வைத்திருந்த மாநிலங்கள். 1896ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'தனித்தனி, ஆனால் சமம்' என்று தீர்ப்பு எழுதி இந்த அநியாயத்துக்கு முத்திரை குத்தியிருந்தது. பள்ளிக்கூடங்களில் அது செல்லாது என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 வரை ஆனது.

சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855ல் ஏசு சபைப் பாதிரியார்கள் தொடங்கியது. சின்னக் கல்லூரி. பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டால் காசும் கிடையாது, கூட்டமும் கிடையாது. 'டான்' என்கிற ஸ்பானியப் பட்டப்பெயரை அணிக்கு வைத்திருந்தார்கள். பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அணியின் செய்தியைப் பத்திரிகைக்குக் கொண்டுபோகிற வேலையில் இருந்த இளைஞர் பீட் ரோசெல். பிற்காலத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துக் கழகத்துக்கே 1960 முதல் 1989 வரை தலைவராக இருந்தவர் இவர்தான்.

யுத்தம் முடிந்து ஆறு வருசம் ஆகியிருந்தது. யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பசங்களுக்கு அரசாங்கமே படிப்புச் செலவு கொடுத்ததால், கல்லூரி வாசலை மிதித்திருக்க வாய்ப்பில்லாத தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வந்திருந்தார்கள். இந்த அணியின் ஜீனோ மார்ச்செட்டி இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பையன். பதின்ம வயதிலேயே பட்டாளத்தில் சேர்ந்து ஐரோப்பாவில் ஹிட்லர் படையோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர். ராணுவத்தில் நிறப்பாகுபாடு கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் ஆணை போட்டதே 1948ல்தான். நாஜிகளின் இனவெறியை எதிர்த்துப் போராடியதாகச் சொன்ன அந்த ராணுவத்தில், யுத்தம் முடிகிறவரை கறுப்புச் சிப்பாய்க்குத் தனி முகாம்.

அணியில் கறுப்பர்கள் இரண்டே பேர். ஆலி மாட்சன் 1930ல் டெக்சாஸ் மாநிலத்தில் டிரினிட்டி என்ற ஊரில் பிறந்தவர். பர்ல் டோலர் 1928ல் டென்னசி மாநிலத்தில் மெம்ஃபிசில் பிறந்தவர். இரண்டும் தெற்கு மாநிலங்கள். தெற்கின் தீண்டாமையை விட்டு வேலையும் மரியாதையும் தேடி மேற்குக்கும் வடக்குக்கும் லட்சக்கணக்கான கறுப்பர்கள் இடம்பெயர்ந்த காலம் அது. மாட்சனும் டோலரும் அந்தப் பெருக்கில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தவர்கள். முதலில் அந்த ஊர் சிட்டி காலேஜில் 1948ல் ஒன்றாக ஆடினார்கள். அங்கேயும் அந்த வருசம் அணி தோற்கவில்லை. பிறகு இருவரும் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்கள்.

1951 சீசன் சான் ஹோசே அணியை 39-2 என்று அடித்துத் தொடங்கியது. நியூயார்க் போய் ஃபோர்தாம் பல்கலைக்கழகத்தோடு ஆடியதுதான் கடினமான ஆட்டம். 32-26 என்று தப்பித்து வந்தார்கள். அன்றைக்கு எதிரணி உதைத்தனுப்பிய பந்தைப் பிடித்து மைதானம் முழுக்க ஓடி மாட்சன் டச்டவுன் போட்டார். அதுவும் ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை. பெரிய எதிரி என்று நினைத்த பசிபிக் கல்லூரியை நவம்பரில் 47-14 என்று நொறுக்கினார்கள். கடைசியாக லாஸ் ஏஞ்சல்சின் லயோலா அணியை 20-2 என்று வென்றார்கள். அந்தச் சீசனில் மாட்சன் பந்தோடு ஓடிக் கடந்த தூரம் 1,566 யார்டு, ஏறக்குறைய 1,430 மீட்டர். போட்ட டச்டவுன் 21. அந்த வருசம் நாட்டிலேயே எந்தக் கல்லூரி ஆட்டக்காரரும் அவ்வளவு ஓடவில்லை. ஆனாலும் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். 'தகுதி, திறமை' என்று நம்மிடம் பாடம் நடத்துகிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

நிபந்தனை வந்த விதத்தைத்தான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். அது கடிதமாக வரவில்லை. 'கறுப்பர்களுக்கு அனுமதி இல்லை' என்று எந்தக் கமிட்டியும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவில்லை. பேச்சாகத்தான் வந்தது. மாட்சனும் டோலரும் இல்லாமல் வந்தால் ஆரஞ்சு பவுலில் ஆடலாம் என்று பயிற்சியாளர் குஹாரிச் தங்களிடம் வந்து சொன்னதாக ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். யோசிக்க நேரம் கேட்கவில்லை, ஓட்டெடுப்பும் நடத்தவில்லை, எல்லாரும் ஒரே வார்த்தையில் மறுத்தோம் என்றார்கள். சான் பிரான்சிஸ்கோ வானொலியில் விளையாட்டுச் செய்தி சொல்லிவந்த ஐரா புளூ இன்னொரு தகவலை வெளியே விட்டார். கறுப்பர்கள் உள்ள அணியை ஆரஞ்சு, சுகர், கேட்டர் மூன்று பவுல்களுமே கூப்பிடுவதாக இல்லை என்று கேட்டர் பவுல் தலைவர் சாம் வுல்ஃப்சனே சொன்னதாக அவர் அறிவித்தார். வெளிப்படையாகச் சொல்லப்பட்ட காரணம் வேறு. 'இவர்கள் ஜெயித்த எதிரணிகள் பலமில்லாதவை' என்றார்கள். இவர்களிடம் 47-14 என்று உதை வாங்கிய பசிபிக் அணிக்கு எல் பாசோ ஊரில் நடந்த சன் பவுல் அழைப்பு கிடைத்தது. அது சின்னப் போட்டிதான். ஆனாலும் தோற்றவனுக்குப் பலம் இருந்தது, ஜெயித்தவனுக்கு இல்லை என்றால் அந்தக் கணக்கை யாரிடம் போய்க் கேட்பது?

இந்த எழுதாத ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஒரு பெயரே இருந்தது. 'கனவான்களின் ஒப்பந்தம்' என்பார்கள். வடக்கத்திக் கல்லூரி தெற்கத்திக் கல்லூரியோடு ஆடும்போது, 'விருந்தாளி மனசு நோகக்கூடாது' என்று தன் கறுப்பு ஆட்டக்காரனைத் தானே வெளியே உட்கார வைத்துவிடும். நியூயார்க் பல்கலைக்கழகம் 1940ல் மிசூரியோடு ஆடப் போனபோது லெனார்ட் பேட்ஸ் என்ற கறுப்பு மாணவரை விட்டுவிட்டுப் போனது. 'பேட்ஸ் ஆடவேண்டும்' என்று மாணவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு கோஷம் போட்டார்கள். போராட்டத்தில் முன்னால் நின்ற ஏழு பேரை 1941ல் நிர்வாகம் இடைநீக்கம் செய்தது. பல்கலைக்கழகம் அவர்களைக் கூப்பிட்டுக் கௌரவித்தது 2001ல். இடையில் அறுபது வருசம்!

இதற்கு மாறான முன்னுதாரணமும் உண்டு. பென்சில்வேனியா மாநிலக் கல்லூரி 1946ல் தன் கறுப்பு ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு மயாமி போவதற்குப் பதிலாக ஆட்டத்தையே ரத்து செய்தது. அந்த அணி 1948 ஜனவரி 1ல் டல்லாஸ் காட்டன் பவுலில் வாலி டிரிப்லெட், டென்னி ஹோகார்ட் என்ற இரண்டு கறுப்பர்களோடு இறங்கி 13-13 என்று சமன் செய்தது. ஊருக்குள் கறுப்பர்களுக்கு ஓட்டல் கிடையாது என்பதால் மொத்த அணியும் ஊருக்கு வெளியே கடற்படை விமானத் தளத்தில் தங்கியது.

கனவான்களின் ஒப்பந்தத்தை மதிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே 1951 சீசன் காட்டியது. அக்டோபர் 20ந் தேதி ஓக்லஹோமாவில் ஸ்டில்வாட்டர் ஊரில் நடந்த ஆட்டத்தில், டிரேக் பல்கலைக்கழகத்தின் கறுப்பு ஆட்டக்காரர் ஜானி பிரைட்டின் தாடையை எதிரணிக்காரர் ஒருவர் அடித்து உடைத்தார். பந்து அப்போது பிரைட் கையிலேயே இல்லை. இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அதைப் படம் எடுத்துவிட்டதால்தான் அது மறைக்க முடியாத உண்மையானது. அந்தப் படங்களுக்கு 1952ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. தாடையை உடைத்தவர்களின் கல்லூரி வருத்தம் தெரிவித்தது 2005ல். பிரைட் 1983லேயே இறந்துபோயிருந்தார்.

இனி நம்ம பக்கம் வருவோம். அதே 1951. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒரு வருசம் தாண்டியிருக்கிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டதாகப் பதினேழாவது பிரிவு சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைச் சாதிவாரியாகப் பங்கிட்டுவந்த வகுப்புரிமை ஆணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் இறங்கிய போராட்டங்களின் அழுத்தத்தில், அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்தபோதே ஜூனில் முதல் சட்டத் திருத்தம் வந்தது. அங்கே இரண்டு கறுப்பர்கள் கல்லூரி அணியில் ஆடலாமா என்று தகராறு நடந்த அதே வருசம், இங்கே நம்ம பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழையலாமா என்பதே தகராறாக இருந்தது. சிங்காரப்பேட்டைக்குப் பக்கத்தில் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி தொடங்கியதும் அதே 1951ல்தான். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசுக் கல்லூரி வர அறுபதுகள் ஆயிற்று. அதுவரை இந்த மலையடிவார ஊர்களின் காலனிப் பையனுக்குக் கல்லூரி டீம் என்பது கேள்விப்படாத சங்கதி.

சட்டம் வந்தது. எழுதி வைத்திருந்த தடைகள் பலதும் போயின. எழுதாதது எங்கே போயிற்று? எங்கேயும் போகவில்லை. விடிகிறதுக்கு முன்னால் பஸ் பிடித்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பசங்களைக் கேளுங்கள். கம்பெனியில் எல்லோருக்கும் ஒரே யூனிஃபாரம், ஒரே கேன்டீன். சாயந்தரம் வாடகைக்கு வீடு தேடிப் போனால், 'தம்பி எந்த ஊரு?' 'சிங்காரப்பேட்டைங்க.' 'சிங்காரப்பேட்டையில எங்க?' 'எந்தத் தெரு?' 'நீங்க என்னா ஆளுங்க?' கடைசியில், 'இல்லப்பா, நேத்துதான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு.' எந்த வீட்டு வாசலிலும் போர்டு மாட்டியிருக்காது. எவன் மேலும் கேஸ் போட முடியாது. ஆரஞ்சு பவுல்காரன் 'எதிரணிகள் பலமில்லாதவை' என்றது மாதிரிதான் இதுவும்.

விளையாட்டிலும் அதே கதை. நம்ம பக்கத்துக் கபடி, கிரிக்கெட் டோர்னமெண்ட் நோட்டீசில் 'ஒரு ஊருக்கு ஒரு டீம்' என்று போடுவார்கள். படிக்கிறவனுக்கு நியாயமாகத்தான் தெரியும். ஊர் என்பது எது, காலனி அதில் சேருமா என்று நோட்டீசில் இருக்காது. அதை எல்லாருக்கும் தெரியும். காலனிப் பையன் ஒருத்தன் நல்லா ரைடு போவான் என்றால் மேட்ச்சுக்கு மட்டும் வந்து கூப்பிடுவார்கள். கோப்பை வாங்கிவந்த ராத்திரி கோழியடித்துக் குழம்பு வைத்தால், அவன் பங்கு இலையில் மடித்துக் கைக்கு வரும். 'வூட்டுக்கு எடுத்துகினு போயி நல்லா சாப்புடுடா' என்று பாசமாகத்தான் சொல்வார்கள். அந்தப் பாசத்துக்குள் இருக்கிற நிபந்தனை அவனுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கூட ஆடிய பத்து பேரில் ஒருத்தன்கூட 'இவனுக்கு இலை போடலேன்னா எங்களுக்கும் வேணாம்' என்று எழுந்ததை நான் பார்த்ததில்லை.

இது நம்ம கிராமத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. இந்திய விளையாட்டு வரலாற்றின் முதல் பெரிய தலித் ஆட்டக்காரரான பல்வங்கர் பாலுவின் வாழ்க்கையே இதற்குச் சாட்சி. 1875ல் பிறந்த பாலு சாம்பார் சாதிக்காரர். புனாவில் வெள்ளைக்காரர்களின் கிரிக்கெட் கிளப்பில் மாதச் சம்பளம் நாலு ரூபாய்க்கு மைதான வேலை பார்த்தபடியே பந்துவீசப் பழகினார். வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டும் என்கிற ஆசையில் புனாவின் இந்துக்கள் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் எறிந்த பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்குக் கட்டிடத்துக்கு வெளியே மண் குவளை. 1911ல் இங்கிலாந்து போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். திரும்பி வந்த அவருக்கு வரவேற்பு வாசித்தளித்தவர் இளைஞர் அம்பேத்கர். பிறகு 1937 தேர்தலில் காங்கிரஸ் இதே பாலுவை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது என்பதும் வரலாறுதான். அவ்வளவு ஆடியும் இந்துக்கள் அணியின் கேப்டன் பதவி அவருக்குத் தரப்படவே இல்லை. 1920ல் அவரை அணியிலிருந்தே நீக்கியபோது எதிர்ப்புத் தெரிவித்து வெளியேறியவர்கள் விட்டல், சிவராம் என்ற இரண்டு பேர். இருவரும் பாலுவின் சொந்தத் தம்பிகள். அந்த எதிர்ப்பு எழுப்பிய சலசலப்பால் பாலுவைத் திரும்பச் சேர்த்தார்கள். 1923ல் விட்டல் கேப்டன் ஆனார்.

பம்பாயையும் சான் பிரான்சிஸ்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பம்பாயில் வெளியேறியது ரத்த உறவு. அவமானப்பட்ட குடும்பமே அவமானத்தை எதிர்த்துக்கொண்டது. வரலாற்றில் அது எந்நாளும் நமக்குப் பெருமைதான். ஆனால் மற்றவர்கள்? சான் பிரான்சிஸ்கோவில் 'முடியாது' என்று சொன்னவர்கள் தடுக்கப்படாதவர்கள். மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்குச் சட்டப்படி எந்தக் குற்றமும் கிடையாது. போயிருந்தால் பணமும் பெயரும் வந்திருக்கும். கடனில் இருந்த கல்லூரிக்குக் கால்பந்தைத் தொடர ஒரு வழி கிடைத்திருக்கும். அவர்கள் இழந்தது நிஜமான இழப்பு. அதனால்தான் அந்த 'முடியாது' என்கிற வார்த்தைக்கு எடை இருக்கிறது. சும்மா ஒரு தீர்மானம் போட்டு 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று சொல்வதற்கு எந்தச் செலவும் இல்லை. நம்ம ஊர் முற்போக்குகளிடம் அந்தத் தீர்மானங்களுக்குப் பஞ்சமே கிடையாது.

இன்னொன்றும் நடந்தது. அவர்கள் மறுத்ததால்தான் எழுதாத நிபந்தனை வெளியே தெரிந்தது. ஒத்துக்கொண்டு போயிருந்தால் அப்படியொரு நிபந்தனை இருந்ததற்கே தடயம் இருந்திருக்காது. 'மாட்சனுக்கும் டோலருக்கும் காயம்' என்றோ 'வேறு காரணம்' என்றோ ஒரு வரிச் செய்தி போட்டுக் கதையை முடித்திருப்பார்கள். எழுதாத சட்டம் உயிரோடு இருப்பதே, அதை ஒவ்வொருத்தரும் சத்தமில்லாமல் நிறைவேற்றிக்கொடுப்பதால்தான். தடுக்கப்பட்டவன் கத்தினால் 'இவனுக்குத் தாழ்வு மனப்பான்மை' என்று சொல்லிவிடலாம். அனுமதிக்கப்பட்டவன் வாசலில் நின்று 'ஏன்?' என்று கேட்டால் அப்படிச் சொல்லி வாயை அடைக்க முடியாது.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையை 'நல்ல வெள்ளையர்களின் தியாகம்' என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது. அமெரிக்காவில் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தச் சொல்முறையில் மாட்சனும் டோலரும் மற்றவர்களின் பெருந்தன்மைக்கு ஆளான இரண்டு பேராகச் சுருங்கிப்போகிறார்கள். உண்மை என்னவென்றால், அந்த ஒன்பது வெற்றியில் பெரும்பங்கு மாட்சனின் கால்களுடையது, டோலரின் தோள்களுடையது. யாரும் அவர்களுக்குப் பிச்சை போடவில்லை. கூட உழைத்தவனைக் கூட உழைத்தவன் விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அது தியாகம்கூட இல்லை, மனுசத்தனம். அதைத் தியாகம் என்று கொண்டாட வேண்டிய நிலைமை இருந்ததுதான் அந்த நாட்டுக்கு வெட்கம்.

பிறகு அவர்களுக்கு என்ன ஆயிற்று? 1952 ஜனவரி 1ல் ஆரஞ்சு பவுல் நடந்தது. ஜார்ஜியா டெக் அணி பேய்லரை 17-14 என்று வென்றது. இவர்களில் ஒன்பது பேர் தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். மாட்சன், மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் மூன்று பேரும் பிற்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மாட்சன் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். தெற்கில் ஒரு மைதானத்தில் இறங்கத் தகுதியில்லாத கறுப்பர், ஆறேழு மாதத்தில் அதே நாட்டின் கொடிக்கு இரண்டு பதக்கம் கொண்டுவந்தார்.

டோலரின் கதை வேறு மாதிரி. தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் 1952ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. ஆடும் வாழ்க்கை அதோடு முடிந்தது. அவர் வாத்தியார் ஆனார். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பள்ளியின் தலைமையாசிரியராகி, சான் பிரான்சிஸ்கோ மாவட்டத்தின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பர் என்ற பெயரும் பெற்றார். 1965ல், பழைய பீட் ரோசெல் தலைவராக இருந்த தொழில்முறைக் கழகத்தில் ஆட்ட நடுவர் குழுவில் சேர்ந்தார். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுக் கழகங்களிலேயே முதல் கறுப்பு நடுவர் அவர்தான். எவன் ஆடலாம் எவன் ஆடக்கூடாது என்று அவரைப் பற்றி யாரோ முடிவெடுத்த காலம் போய், எது சரி எது தப்பு என்று மைதானத்தில் அவர் தீர்ப்புச் சொன்னார், 25 சீசன். 1980ல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்திலும் அவர் நடுவராக நின்றார்.

அங்கீகாரம் எப்போதும்போல் தாமதமாகத்தான் வந்தது. 2000ல் அமெரிக்க செனட்டில் பார்பரா பாக்சர் கொண்டுவந்த தீர்மானம் அந்த அணியைப் பாராட்டியது. 2006ல் உயிரோடு இருந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. டோலர் 2009லும் மாட்சன் 2011லும் காலமானார்கள். 2017ல் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி ஒன்றுக்கு பர்ல் டோலரின் பெயர் வைக்கப்பட்டது. அதுவரை அந்த விடுதிக்கு இருந்தது ஜேம்ஸ் ஃபெலன் பெயர். 'கலிபோர்னியாவை வெள்ளையாகவே வைத்திருங்கள்' என்று 1920 செனட் தேர்தலில் ஓட்டுக் கேட்டவர் இந்த ஃபெலன். சீன, ஜப்பானியக் குடியேறிகளை விரட்டப் பாடுபட்டவர். பெயரை மாற்றக் கேட்டுப் போராடியவர்கள் மாணவர்கள். இங்கே பஸ்ஸுக்கும் மாவட்டத்துக்கும் அண்ணல் பெயரை வைத்தபோதெல்லாம் என்ன கலவரம் நடந்தது என்பதைப் பார்த்தவர்களுக்கு, ஒரு கட்டிடத்தின் பெயர்ப்பலகை சின்ன விசயம் இல்லை என்பது புரியும்.

இந்த வரலாற்றில் பெயர் இல்லாதவர்கள் சிலர் உண்டு. கமிட்டி அறையில் உட்கார்ந்து 'அந்த ரெண்டு பேர் வேண்டாம்' என்று முடிவு செய்தவர்கள். சாம் வுல்ஃப்சன் பெயர் மட்டும் ஒரு வானொலிக்காரர் வாய்திறந்ததால் நமக்குக் கிடைத்தது. மற்றவர்கள் கனவான்களாகவே வாழ்ந்து, கனவான்களாகவே செத்துப்போனார்கள். எழுதாத நிபந்தனையின் பெரிய வசதியே இதுதான். பாதிக்கப்பட்டவனுக்குப் பெயர் இருக்கும், விலக்கியவனுக்குப் பெயர் இருக்காது. ஆகவே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை எழுதி வைப்பது. எந்தத் தெருவில் எந்த வருசம் வீடு இல்லை என்றார்கள், எந்த டோர்னமெண்டில் எந்தக் காரணம் சொல்லி டீமை எடுத்தார்கள், கூட இருந்தவர்கள் யார், அவர்கள் பேசினார்களா, பேசாமல் இருந்தார்களா, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைப்பது.

கல்லூரியில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் டீமிலும் விடுதியிலும் வகுப்பிலும் உங்களோடு தோளில் கைபோட்டுப் பழகுகிற நண்பர்கள் இருப்பார்கள். சாதி பார்க்காதவர்கள் என்று அவர்களே சொல்வார்கள். பலர் உண்மையாகவே பார்க்காதவர்களாகவும் இருக்கலாம். உங்களை மட்டும் கழற்றிவிட்டு அவர்களை உள்ளே கூப்பிடுகிற ஓர் அழைப்பு ஒருநாள் வரும். கல்யாணப் பந்தியாக இருக்கலாம், வாடகை வீடாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம். அன்றைக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். 1951ல் இருபது சொச்சம் வயசுப் பசங்க சில பேர் அந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னார்கள். நம்ம பசங்களும் சொல்லட்டும்.